ஆலமரத்தடியில் 180 ரூபாய்!

"கணக்கு டேலி ஆகலைடா..."

இதை ஆடிட்டர் ஆபீஸில் யாராவது சொன்னால் ஆச்சரியமில்லை. சொன்ன இடம் சென்னை ஐ.ஐ.டி. வளாகம், கஜேந்திரா சர்க்கிள் பக்கம் ஓர் ஆலமரத்தடி. சொன்னவன் என் சிநேகிதன், எங்கள் குழுவின் பொருளாளர். பி.காம். செகண்ட் இயர். 2010 ஜனவரி, 'சாரங்' விழா.

1974-ல் 'மார்டி க்ரா' என்று ஆரம்பித்த கலைவிழா அது. 1996-ல் பெயரை மாற்றினார்கள். (வடமொழியில் சாரங்கம் என்றால் புள்ளிமான் என்றும் அர்த்தம். பொருத்தம்தான். அங்கே ஆளைக் கண்டு மான் மிரளாது. நாம்தான் வழிவிட வேண்டும்!) நடத்துவது முழுக்க மாணவர்களே. ஸ்பான்சர் பிடிப்பது முதல் மேடைக்கு ஒயர் இழுப்பது வரை.

மற்ற நாட்களில் அந்த கேட்டைத் தாண்ட ராங்க் வேண்டும். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா ஜன்னல் வழியாகக் காட்டுவார். நான் எதிர்ப்பக்கம் பார்ப்பேன். ஜனவரியில் அந்தச் சில நாட்கள் மட்டும், காமர்ஸ் படிக்கிறவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போகலாம்.

போனேன். காலையில் 'ஜாம்' போட்டி. ஒரு நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். தயங்கக்கூடாது, சொன்னதையே சொல்லக்கூடாது, தலைப்பை விட்டு விலகக்கூடாது. தப்பு செய்தால் எதிராளி 'பஸ்ஸர்' அடித்துப் பேச்சைப் பிடுங்கிக்கொள்வார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் மாதிரிதான். ஆனால் அங்கே மார்க் உண்டு. நான் "ஆ..." என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டார்கள். மொத்தம் நான்கு விநாடி!

தோற்ற துக்கத்தில் ஒரு பாக்கெட் சமோசாவோடு மரத்தடிக்கு வந்தபோதுதான் அந்த டேலி விவகாரம். ராத்திரி ஓப்பன் ஏர் தியேட்டர் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க எல்லோரிடமும் வசூலித்த பணத்தில் 180 ரூபாய் துண்டு விழுந்தது.

"நான் எடுக்கலைடா, அம்மா மேல சத்தியமா!" என்றான். யாரும் பதில் பேசவில்லை. காலையில் அவன் புது கூலிங் கிளாஸ் போட்டு வந்திருந்தான். எல்லோர் கண்ணும் அதிலேயே இருந்தது. எனக்கும் சந்தேகம் வந்தது என்பதை இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை.

எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் ஒரு வித்தை சொல்லித்தந்திருந்தார். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கேயோ இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 180 வகுபடும்! சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் வாலன்டியர் பேட்ஜோடு ஒருத்தன் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஹைதராபாத்காரன். ஆனால் அங்கே யாரும் யாரையும் 'மச்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் இங்கிலீஷிலும் நம் தமிழ் புகுந்துவிட்டது. 'ஃபைட் போடு' என்பதை 'புட் ஃபைட்' என்கிறார்கள், சார்!

"ஏன் ஒன்பது, மச்சி?" என்றான்.

"வாத்தியார் சொன்னார்" என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

சமோசா பேப்பரை வாங்கி எக்ஸ், ஒய் என்று இரண்டு வரி கிறுக்கினான். "நூறாவது இடமும் பத்தாவது இடமும் மாறினால் வித்தியாசம் 90-இன் மடங்காகத்தான் வரும். 180-ஐ 90-ஆல் வகுத்தால் 2. அப்ப, அந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவில் வித்தியாசம் 2. அதைத் தேடு." தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னான்.

நோட்டைப் புரட்டினோம். ஐந்தாவது வரி: 'ஃபர்ஸ்ட் இயர் பசங்க - 530.'

ஆளுக்கு 50 ரூபாய், ஏழு பேர். 530 எப்படி வரும்? 350!

சிநேகிதன் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அதை மறுபடி மாட்டிக்கொண்டு, எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான்.

"சமோசா எங்கேடா என் பங்கு?"