தலையில் அடிபட்ட பின் கம்ப்யூட்டர்: அவசரமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்

கம்ப்யூட்டர் ஹேங் ஆகி நின்றுவிட்டால் நாம் முதலில் செய்வது ரீஸ்டார்ட். பெரும்பாலான நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஆனால் நம் மூளைக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை. சாஃப்ட்வேர் இன்ஜினியரான நான் இதைத் தலையைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவு. அலுவலகம் முடிந்து வேளச்சேரி வழியாக பைக்கில் வந்தபோது, வெள்ளைக் கோடு போடாத வேகத்தடையில் சறுக்கி விழுந்தேன். ஹெல்மெட் இருந்ததால் மண்டை தப்பியது. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் நார்மல் என்றால் எல்லாம் நார்மல் என்று எடுத்துக்கொண்டேன். நான்காம் நாள் அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் மானிட்டர் முன் உட்கார்ந்திருந்தேன்.

இருபது நிமிடத்திலேயே எழுத்துகள் மிதக்க ஆரம்பித்தன. தலைவலி, குமட்டல், காரணம் இல்லாத எரிச்சல். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், ஒரு டேபிளை அழிக்கும் கட்டளையைத் தவறான சர்வரில் கொடுத்துவிட்டேன். பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இனி புரோகிராம் எழுதவே முடியாதோ என்ற பயம் வந்துவிட்டது.

பயத்தில் அடுத்த தவறையும் செய்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு கும்பகோணம் போய், திரைச்சீலையை இழுத்துவிட்டு இரண்டு வாரம் இருட்டு அறையில் படுத்துக்கிடந்தேன். தலைசுற்றல் கூடியது, பகலும் இரவும் மாறிப்போனது. கடைசியில் அம்மாதான், “கரண்ட் போன வீடு மாதிரி எத்தனை நாள்டா இப்படியே இருப்ப? எழுந்திரு, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துடலாம்” என்று நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

ஸ்கேனில் தெரியாதது என்ன?

எனக்கு வந்தது கன்கஷன், அதாவது மூளை அதிர்வு என்றார் மருத்துவர். ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் கண்டுபிடிக்கத்தான் சி.டி. ஸ்கேன். மூளை வேலை செய்யும் விதத்தில் ஏற்படும் தடுமாற்றம் அதில் தெரியாது.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், யு.பி.எஸ். பேட்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டதும் மூளை செல்கள் பழைய நிலைக்குத் திரும்பக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கின்றன. அதே நேரத்தில் சக்தி வந்து சேர்வது குறைகிறது. பேட்டரி பலவீனமாக இருக்கும்போது எல்லா புரோகிராமையும் ஒன்றாகத் திறந்தால் என்ன ஆகுமோ, அதுதான் எனக்கு ஆனது. அதற்காக யு.பி.எஸ்.ஸை மாதக்கணக்கில் அணைத்து வைத்தாலும் பேட்டரி கெட்டுத்தான் போகும்.

பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லைகள் சில வாரங்களில் விலகிவிடும். நான்கு வாரங்களைத் தாண்டியும் நீடித்தால் அதை நீடித்த அறிகுறிகள் என்கிறார்கள். அப்போது தானாகப் போகும் என்று காத்திருக்காமல் காரணத்தைத் தேட வேண்டும். என் தலைவலியில் பாதி, விழுந்தபோது கழுத்துத் தசையில் ஏற்பட்ட பிடிப்பால் வந்தது, பிசியோதெரபியில் குறைந்தது. அருகில் உள்ளதைப் பார்க்க இரண்டு கண்களும் ஒன்றுசேர்வதில் சிரமம் இருந்தது. எழுத்துகள் மிதந்ததற்கு அதுவே காரணம். அதற்குக் கண் மருத்துவர் பயிற்சி கொடுத்தார். மன வாட்டம், பதட்டம், தூக்கமின்மை ஆகியவையும் இதில் சேர்ந்தவைதான். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லவும்.

முதல் இரண்டு நாள்

2021-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கன்கஷன் ஏற்பட்ட 12 முதல் 25 வயது வரையிலான 125 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முதல் 48 மணி நேரம் ஒரு குழு திரையைத் தவிர்க்க வேண்டும். மற்ற குழு பார்க்கலாம். தவிர்த்தவர்கள் தேற எடுத்துக்கொண்டது நடுமதிப்பாக 3.5 நாள், பார்த்தவர்கள் 8 நாள். ஆகவே முதல் இரண்டு நாள் கம்ப்யூட்டர், டிவி, மொபைல் மூன்றையும் முடிந்த அளவு தள்ளி வைக்கவும்.

அதற்காக இருட்டு அறையும் வேண்டாம். 2015-ல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், ஐந்து நாள் முழு ஓய்வு எடுக்கச் சொல்லப்பட்ட இளைஞர்கள், ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச விளையாட்டுக் கன்கஷன் மாநாட்டின் அறிக்கையும் இதையே சொல்கிறது: 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, அதன் பின் மெதுவான நடை போன்ற லேசான வேலைகள், பிறகு படிப்படியாகக் கூட்டுவது.

எவ்வளவு நேரம் உட்காரலாம்?

மருத்துவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது. வேலை தொடங்கும் முன் உங்கள் தொல்லைக்கு 0 முதல் 10 வரை ஒரு மார்க் போடவும். வேலையின் நடுவே அது இரண்டு மார்க்குக்கு மேல் ஏறினால் உடனே நிறுத்தவும். இரண்டு மார்க்குக்குள் ஏறி ஒரு மணி நேரத்திற்குள் இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். அதனால் மூளைக்குச் சேதம் ஆகிவிடாது. அதற்கு மேல் நீடித்தால், அடுத்த முறை நேரத்தைக் குறைக்கவும்.

நான் முதலில் பதினைந்து நிமிடம் வேலை, பதினைந்து நிமிடம் இடைவேளை என்று ஒரு நாளைக்கு மூன்று முறை உட்கார்ந்தேன். இடைவேளையில் மொபைலை எடுக்காமல் வாசல் வரை நடந்தேன். சில நாள் தொல்லை இல்லை என்றால் ஐந்து நிமிடம் கூட்டினேன். மார்க்குகளை எழுத எக்ஸெல் வேண்டாம். நாற்பது பக்க நோட்டே போதும்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

இவை நோயைக் குணப்படுத்தாது; கண்ணுக்கும் தலைக்கும் உள்ள சுமையைக் குறைக்கும். விண்டோஸ் 11-ல் வழிகள் இதோ. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி செட்டிங்ஸ் செல்லவும்.

1. வெளிச்சம்: சிஸ்டம், டிஸ்ப்ளே பிரிவில் பிரைட்னஸைக் குறைக்கவும். அங்கேயே உள்ள நைட் லைட்டை ஆன் செய்தால் திரை இளமஞ்சளாக மாறும். டெஸ்க்டாப் என்றால் மானிட்டரில் உள்ள பட்டன்களால் வெளிச்சத்தைக் குறைக்கவும். அறை இருட்டாகவும் திரை மட்டும் பளிச்சென்றும் இருக்க வேண்டாம்.

2. அசைவு: அக்ஸசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் சென்று அனிமேஷன் எஃபெக்ட்ஸை ஆஃப் செய்யவும். விண்டோக்கள் பறந்து வருவது நிற்கும். பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டாமல் பேஜ் டவுன் கீயை அழுத்தவும். எழுத்துகள் ஓடிக்கொண்டே இருப்பதுதான் எனக்கு அதிகத் தலைசுற்றலைக் கொடுத்தது.

3. எழுத்தின் அளவு: அக்ஸசிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸில் பெரிதாக்கவும். பிரவுசரில் கண்ட்ரோல் கீயுடன் பிளஸ் குறியை அழுத்தினால் பக்கம் பெரிதாகும்.

4. தொந்தரவு: சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பிரிவில் டு நாட் டிஸ்டர்பை ஆன் செய்யவும். ஒரு நேரத்தில் ஒரு விண்டோ மட்டும் திறந்திருக்கட்டும்.

5. காதால் படிப்பது: எட்ஜ் பிரவுசரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் கம்ப்யூட்டரே பக்கத்தை வாசித்துக்காட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

எப்போது ஓட வேண்டும்?

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், குழப்பம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நெட்டில் தேடிக்கொண்டிருக்காமல் 108-க்கு போன் செய்யவும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தலையில் சிறிய அடி என்றாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலி மாத்திரையும் மருத்துவரைக் கேட்டே எடுக்கவும்.

கடைசிப் படி

நான் முழு நேர வேலைக்குத் திரும்ப மூன்றரை மாதம் ஆனது. முதலில் அரை நாள். அதுவும் புது புரோகிராம் எழுதாமல் டாக்குமெண்ட் வேலை மட்டும். இதற்காக மேனேஜரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. பல வாரம் மறைத்த விஷயத்தைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. முன்பே சொல்லியிருந்தால் அந்தத் தவறான கட்டளையைக் கொடுத்திருக்கவே மாட்டேன்.

பைக்கை மட்டும் கடைசியாகத்தான் தொட்டேன். கன்கஷனுக்குப் பின் கவனமும், பிரேக் பிடிக்கும் வேகமும் மந்தமாக இருக்கும். ஆறும் முன் இன்னோர் அடி பட்டால் விளைவு மோசமாகலாம். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை வண்டியும் வேண்டாம், கிரிக்கெட்டும் வேண்டாம். விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தால் ஒரு கீறல்தான் தெரிந்தது. ஆனால் ஒரு முறை அடி வாங்கிய ஹெல்மெட் உள்ளே நசுங்கியிருக்கும், மறுபடி காக்காது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதியது வாங்கிய பிறகுதான் வண்டிச் சாவியை அம்மா கையில் கொடுத்தார்.

இப்போது அதே மானிட்டர், அதே நாற்காலி. ஒரு மணி நேரத்திற்கு ஒரு முறை எழுந்து வாசல் வரை நடக்கும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டிருந்தால், கம்ப்யூட்டர் முன் உட்காரும் முன் இந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக்காட்டுங்கள். அவரைப் படிக்கச் சொல்ல வேண்டாம். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.