புகைக்குள் ஒரு படிக்கட்டு

தலைமன்னாரில் படகேறி இராமேஸ்வரம் போன அகதிகளின் கதைகளை மன்னார் நேயர்கள் நன்கறிவீர்கள். அல்லைப்பிட்டி எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்த ‘தீபன்’, இலங்கைப் போர் முடிந்து பிரான்ஸுக்கு அகதியாகப் போகும் ஒரு முன்னாள் போராளியின் கதை. பெரும்பகுதி தமிழிலேயே பேசும் இந்தப் பிரெஞ்சுப் படம் 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்றது.

இறுதியில், மனைவியென்று கூட்டிவந்த யாழினியை மீட்கத் தீபன் ஆயுதத்தோடு படியேறுகிறான். மாடிப்படி முழுக்கப் புகை. தாக்குதல் அரைகுறையாகவே தெரிகிறது. பழிவாங்கலைக் கைதட்டலுக்காகக் காட்டும் படங்களைவிட இந்த மறைப்பு மனத்தை உலுக்குகிறது. தொடக்கத்தில் சீருடையைத் தீயிலிட்டவனுக்குள் போர் இன்னும் எரிகிறது என்பதைச் சொல்ல இயக்குநர் ஜாக் ஓடியாருக்கு வசனம் தேவைப்படவில்லை.