கார் புளோயருக்கு மாற்று டிரான்சிஸ்டர்: தேடித் தருகிறது கம்ப்யூட்டர்

வெம்பக்கோட்டை வெயிலில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று சிரிக்காதீர்கள். கார் ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் காற்றைத் தள்ளுவது ஒரே மின்விசிறிதான். மெக்கானிக்குகள் அதைப் புளோயர் என்பார்கள். குளிர் பிரதேசத்தில் அது என்ஜின் சூட்டை உள்ளே கொண்டு வருகிறது. நம் ஊரில் ஏ.சி. குளிர்ச்சியைக் கொண்டு வருகிறது. அது நின்றுவிட்டால், ஏ.சி. நன்றாக இருந்தும் பயன் இல்லை.

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், "பாட்டு, படம், மெயில் தவிர இதனால் வேறு என்ன உபயோகம்?" என்று கேட்பதுண்டு. சில பத்து ரூபாய் பொருளுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்காமல் தப்பிக்கவும் இது உதவும். எப்படி என்று பார்ப்போமா?

என்ன பழுது?

என் பெரியப்பா மகன் வாடகைக் கார் ஓட்டுகிறார். வாரம் இரண்டு முறை ஒரு பெரியவரை டயாலிசிஸ் சிகிச்சைக்கு மதுரைக்கு அழைத்துப் போக வேண்டும். கத்திரி வெயில் நேரத்தில் புளோயர் நின்றுவிட்டது. கண்ணாடியை இறக்கினால் அனல் காற்று. சிகிச்சை முடிந்து சோர்ந்து வருபவரை அந்தச் சூட்டில் உட்கார வைக்க முடியுமா? ஒர்க்‌ஷாப்பில், "கன்ட்ரோல் யூனிட்டையே மாற்ற வேண்டும், ஆர்டர் போட்டால் பத்து நாள் ஆகும்" என்றார்கள். அண்ணன் பழைய யூனிட்டைக் கழற்றி என்னிடம் கொண்டு வந்தார்.

பழைய கார்களில் புளோயர் வேகத்தைக் குறைக்க ரெசிஸ்டர்களை வைத்தார்கள். அவை எரிந்தால் குறைந்த வேகங்கள் போய்விடும், முழு வேகம் மட்டும் மிஞ்சும். ஆட்டோமேடிக் ஏ.சி. உள்ள பல கார்களில் இந்த வேலையை ஒரு பவர் டிரான்சிஸ்டர் செய்கிறது. அது ஷார்ட் ஆனால் புளோயர் முழு வேகத்திலேயே ஓடும். உள்ளே அறுந்துபோனால் ஓடவே ஓடாது. உங்கள் கம்ப்யூட்டரின் பிராசஸருக்குள் நூறு கோடிக்கணக்கில் இருப்பவையும் டிரான்சிஸ்டர்கள்தான். காரில் இருப்பது அதன் பெரிய அண்ணன்.

முதலில் பியூஸைப் பாருங்கள். அடுத்து மோட்டாருக்குத் தனியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் டிரான்சிஸ்டர் மீது சந்தேகப்பட வேண்டும். நான் பார்த்த யூனிட்டில் மோட்டார் ஓடியது, டிரான்சிஸ்டர்தான் போயிருந்தது.

எண்ணைப் படியுங்கள்

டிரான்சிஸ்டரின் முகத்தில் எண் அச்சிடப்பட்டிருக்கும். மங்கலாக இருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, செல்போனில் படம் எடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் மானிட்டரில் தெரியும்.

எண்ணிலேயே பல தகவல்கள் உள்ளன. 2என் என்று தொடங்கினால் அது அமெரிக்கப் பதிவு முறை. பி.டி., பி.யு. என்று தொடங்குபவை பெரும்பாலும் ஐரோப்பிய முறை. ஜப்பானிய முறையில் 2எஸ் என்று தொடங்கும். ஆனால் இடம் போதாமல் அந்த 2எஸ்-ஐ அச்சிடாமல் விட்டுவிடுவார்கள். டி1047 என்று மட்டும் இருந்தால் 2எஸ்டி1047 என்று டைப் செய்து தேடுங்கள்.

என் கையில் இருந்தது ஐ.ஆர்.எப்.பி.064என். இது மாஸ்பெட் வகை டிரான்சிஸ்டர்.

டேட்டா ஷீட் தேடுவோம்

ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் அதைத் தயாரித்த நிறுவனம் ஒரு ஜாதகம் எழுதி வைத்திருக்கும். அதன் பெயர் டேட்டா ஷீட். பணம் கட்டத் தேவையில்லை. சர்ச் என்ஜினில் எண்ணை டைப் செய்து, பக்கத்தில் டேட்டாஷீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்து என்டர் தட்டுங்கள்.

கூடுமானவரை தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். நிறுவனங்கள் கை மாறியிருப்பதையும் நினைவில் வையுங்கள். ஐ.ஆர்.எப். வரிசையை உருவாக்கிய இன்டர்நேஷனல் ரெக்டிபையர் நிறுவனத்தை 2015-ல் இன்பினியான் வாங்கிவிட்டது. பேர்சைல்டு நிறுவனம் 2016-ல் ஆன் செமிகண்டக்டருடன் சேர்ந்துவிட்டது. பழைய பெயரில் கிடைக்காதது புதிய தளத்தில் கிடைக்கும்.

புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில தளங்களில் டவுன்லோட் என்று பெரிய பச்சைப் பட்டன் மின்னும். அது விளம்பரமாக இருக்கலாம். டேட்டா ஷீட் என்பது பி.டி.எப். பைல். அதற்காக எந்த சாப்ட்வேரும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பைல் பெயர் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

கடைக்காரர் சொன்னதும் டேட்டா ஷீட் சொன்னதும்

எண்ணைச் சொல்லிக் கேட்டதும் ஒரு கடையில், "அது இல்லை, இசட்44என் போடுங்க. அதுவும் 55 வோல்ட்தான், 49 ஆம்பியர் தாங்கும்" என்றார்கள். இன்னொரு கடையில் ஐ.ஆர்.எப்.3205 இருந்தது. எது சரி? மூன்றின் டேட்டா ஷீட்டையும் திறந்து, ஸ்பிரெட்ஷீட்டில் மூன்று பத்திகளாக எழுதினேன். எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

மூன்றுமே 55 வோல்ட். ஓடும் காரில் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில்தான் தரும் என்றாலும், திடீர் அலைகள் அதைவிட மிக உயரமாக வரும் என்பதால் இந்த இடைவெளி தேவை. சரி, வோல்ட் பொருந்துகிறது. அடுத்தது சூடு.

புளோயர் மெதுவாக ஓடும்போது டிரான்சிஸ்டர் மீதி மின்னழுத்தத்தைத் தானே விழுங்கிச் சூடாக்குகிறது. 6 வோல்ட்டை விழுங்கிக்கொண்டு 10 ஆம்பியரைக் கடத்தினால் 60 வாட் சூடு. ஒரு பழைய குண்டு பல்பின் சூடு அது. காற்றுப் பாதையிலேயே அலுமினிய ஹீட் சிங்க்குடன் இதை வைத்திருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா?

டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய எண்கள் எல்லாம் டிரான்சிஸ்டரின் உடல் 25 டிகிரியில் இருக்கும்போது உள்ளவை. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரில் 25 டிகிரிக்கு எங்கே போவது? அதனால் உடல் 100 டிகிரி வரை போகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இசட்44என் 94 வாட் தாங்கும், ஆனால் 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.63 வாட் குறையும். ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு கட்டத்தைக் கிளிக் செய்து =94-0.63*75 என்று டைப் செய்து என்டர் தட்டினால் 46.75 என்று விடை வரும். தேவை 60 வாட். ஆக, 49 ஆம்பியர் என்று பெயர் வாங்கியது இந்த வேலைக்குப் போதாது.

ஐ.ஆர்.எப்.பி.064என் 200 வாட், டிகிரிக்கு 1.3 வாட் குறையும். =200-1.3*75 என்றால் 102.5. தாராளம். ஐ.ஆர்.எப்.3205-க்கும் இதே எண்கள்தான். பிறகு அதையே போட்டால் என்ன? பெட்டியின் அளவு வேறு. 064என் பெரிய டி.ஓ.247 பெட்டி, 3205 சிறிய டி.ஓ.220 பெட்டி. சூடு உடலிலிருந்து ஹீட் சிங்க்குக்கு இறங்கும் தடை பெரியதில் வாட்டுக்கு 0.24 டிகிரி, சிறியதில் 0.50 டிகிரி. 60 வாட்டில் சிறியது ஏறக்குறைய 16 டிகிரி கூடுதலாகச் சுடும். ஸ்குரூ துளையும் பழைய இடத்தில் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. பல மாஸ்பெட்டுகள் படபடவென்று சுவிட்ச் போடுவதற்காகச் செய்யப்பட்டவை. பாதி திறந்த நிலையில் தொடர்ந்து நிறுத்தினால், ஆம்பியர் கணக்கு சரியாக இருந்தாலும் உள்ளே ஒரே இடத்தில் சூடு திரண்டு போய்விடும். டேட்டா ஷீட்டில் சேப் ஆப்பரேட்டிங் ஏரியா என்ற வரைபடத்தைப் பாருங்கள். அதில் டி.சி. என்ற கோடு இருந்தால் உங்கள் வோல்ட்டும் ஆம்பியரும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மில்லி செகண்டு கோடுகள் மட்டும் இருந்தால் வேறு எண்ணைப் பரிசோதிக்காமல், யூனிட்டில் இருந்த அதே எண்ணையே வாங்குங்கள். நானும் அதையே செய்தேன்.

வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக் உதிரிபாகங்கள் கிடைக்கும். அங்குள்ள கடை ஒன்றிலிருந்து கூரியரில் இரண்டு வரவழைத்தேன். இந்தச் சந்தையில் போலிகள் உலகம் முழுக்க உண்டு. பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு உயர்ந்த எண்ணை அச்சிடுவார்கள். துடைத்தால் அழியும் எழுத்து, கீறல் விழுந்த முகம், ஏற்கெனவே ஈயம் ஒட்டிய கால்கள் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள்.

பொருத்தும்போது

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். மூன்று கால்களின் வரிசையை டேட்டா ஷீட்டுடன் ஒப்பிடுங்கள். பழைய டிரான்சிஸ்டருக்கு அடியில் மைக்கா தகடு இருந்தால் புதியதற்கும் அவசியம், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். ஹீட் சிங்க் பேஸ்ட் மெல்லியதாகப் பூசுங்கள். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் டி.வி. மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். நாங்களும் அப்படித்தான் செய்தோம், புளோயர் எல்லா வேகத்திலும் ஓடுகிறது.

பழையது ஏன் போனது என்றும் பாருங்கள். அந்தக் காரின் ஏ.சி. பில்டரில் தூசியும் வேப்பிலைச் சருகும் அடைத்திருந்தன. காற்று குறைந்தால் ஹீட் சிங்க் ஆறாது. மோட்டாரின் புஷ் தேய்ந்து கூடுதல் ஆம்பியர் இழுத்தாலும் புது டிரான்சிஸ்டரும் சீக்கிரம் போகும்.

நம் பகுதிக்கென்று ஒரு வார்த்தை. சால்டரிங் அயர்ன் 300 டிகிரிக்கு மேல் சூடாகும். பட்டாசோ, திரியோ, மருந்தோ இருக்கும் கட்டிடத்தில் அதைச் செருகவே கூடாது. மருந்து வேலை செய்த உடையுடனும் உட்காரக் கூடாது.

எண்ணே படிக்க முடியாவிட்டாலோ, டேட்டா ஷீட் கிடைக்காவிட்டாலோ ஊகத்தில் எதையும் போடாதீர்கள். அப்போது முழு யூனிட்டை வாங்குவதே சரி. கிடைத்த டேட்டா ஷீட்டுகளை ஒரு போல்டரில், எண்ணையே பைல் பெயராகக் கொடுத்துச் சேமியுங்கள். நாளை யு.பி.எஸ்.ஸோ ஆம்ப்ளிபையரோ பழுதாகும்போது, கடைக்காரர் ஒரு மாற்று எண் சொன்னால், "இருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம்.