புது மிக்ஸி படுத்துகிறதா?

எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்து, விளிம்பைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து மிக்ஸி வாங்கும்போது மட்டும் நம்மில் பலர் அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. "கம்பெனி சாமான்தானே" என்று ஒரு நம்பிக்கை! வீட்டுக்கு வந்த பிறகுதான், சட்னி ஜார் அடியில் ஒழுகுவதும், மூடி சரியாக உட்காராததும் தெரிகிறது.

அதைவிட வேதனை, வீட்டிலேயே "உனக்கு ஓட்டத் தெரியலை" என்று கேட்க வேண்டியிருப்பது. பழி நம் கைக்கு, தப்பித்துக்கொள்வது மிக்ஸி!

முதலில் நாம் பார்க்க வேண்டியது

மிக்ஸியோடு வரும் விளக்கப் புத்தகத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ஜாரை நிறைய ரொப்பினாலோ, விடாமல் ஓட்டினாலோ மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். மிக்ஸியின் அடியில் உள்ள சின்ன பட்டனை, ஆறிய பிறகு அழுத்தினால் மறுபடி ஓடும். புது மோட்டாரில் முதல் சில தடவை லேசான வாடை வருவதும் உண்டு. இவை கோளாறு அல்ல. ஆனால் புகை வந்தாலோ, தொட்டால் ஷாக் அடித்தாலோ உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2019-ம் வருஷத்துச் சட்டம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொருளின் தரத்தில் குறை இருந்தாலும், விற்றவர் சொன்னபடி அது இல்லாவிட்டாலும் இந்தச் சட்டப்படி அது குறையுள்ள பொருள்தான். "மஞ்சள்கூட நைஸாக அரைக்கும்" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, அது அரைக்காவிட்டால் கேட்க நமக்கு உரிமை உண்டு. அதனால் விளம்பர நோட்டீஸையும் பத்திரப்படுத்துங்கள்.

நிறம் பிடிக்கவில்லை, சத்தம் அதிகமாகத் தோன்றுகிறது, கைப்பிடி கைக்கு அடக்கமாக இல்லை என்றால் சட்டம் உதவிக்கு வராது. இதையெல்லாம் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜாரையும் பொருத்தி, தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருக்கிறார்களே என்பீர்கள். குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் குறித்த கெடுவுக்குள்ளும், கெடு ஏதும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். பில் தர மறுப்பதும் அப்படித்தான்.

ஓரகத்தி செய்த காரியம்

என் ஓரகத்தி வாங்கிய மிக்ஸியில் ஜார் ஒழுகியது. மெக்கானிக் மூன்று தடவை வந்து வாஷர் மாற்றினார். "இந்த மாடல் ஜார் அப்படித்தாம்மா, கொஞ்சமா தண்ணி விட்டு அரைங்க" என்றார். அவள் சண்டை போடவில்லை. ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சீட்டில் தேதி போட்டு, என்ன குறை என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். நாலாவது தடவை ஒழுகியதும், அந்தச் சீட்டுகளின் நகலோடு கடைக்கும் கம்பெனிக்கும் கடிதம் எழுதினாள். "15 நாளில் வேறு மிக்ஸி தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்" என்று ஒரு வரி. பத்தாம் நாள் கடையிலிருந்தே ஆள் வந்து வேறு மிக்ஸி கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பில், கடை முத்திரை போட்ட வாரண்டி கார்டு, சர்வீஸ் சீட்டு மூன்றையும் ஒரே கவரில் வையுங்கள். மோட்டாருக்கும் ஜாருக்கும் வாரண்டி காலம் வேறு வேறாக இருக்கலாம், வாங்கும்போதே பாருங்கள்.

2. குறையை வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். ஒழுகுவதை செல்போனில் படம் பிடித்து வையுங்கள். கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

4. அதிலும் தீரவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. குறை தெரிந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பழுது நீக்கித் தரவோ, வேறு பொருளோ, பணமோ, பட்ட சிரமத்துக்கு நஷ்ட ஈடோ கேட்கலாம்.

"ஒரு மிக்ஸிக்குப் போய் இவ்வளவா?" என்று வீட்டில் கேட்பார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். தினம் காலையில் மல்லுக்கட்டுவது நாம்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், சகோதரிகளே! அழ வேண்டாம், எழுதிக் கேளுங்கள்.