குருவிக் கூண்டில் முதல் குஞ்சு



"முட்டை இட்டது, பொரிக்கவில்லை. அடுத்த முறை பொரித்தது, குஞ்சைக் கீழே தள்ளிக் கொன்றுவிட்டது. இரக்கமற்ற தாய்!" பிள்ளைகளின் ஆசைக்காக ஜீப்ரா ஃபின்ச் குருவி ஜோடி வாங்கி வளர்ப்போர் வேதாரண்யத்திலும் தோப்புத்துறையிலும் இப்படிக் குறைபட்டுக் கொள்வதை அடிக்கடி கேட்கலாம். அந்தத் தாய்க்காகச் சற்று வழக்காட வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். நம் வயல்களில் நெற்கதிரைக் கொத்த வரும் சில்லைகளைப் பற்றி நாம் பேசவில்லை. அவற்றைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிக்குரியது. கடைகளில் கிடைப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. மூன்று மாதத்திலேயே முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். ஆனால் பருவம் வேறு, பக்குவம் வேறு. ஆறு மாதமேனும் நிறையாத ஜோடிக்குக் கூட்டுக் கலயத்தைத் தொங்கவிடுவதே பாதித் தோல்விக்குக் காரணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடு கட்ட விடுவதும் நன்றன்று.

தேங்காய் நாரையும் காய்ந்த புல்லையும் விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுங்கள். நீண்ட நார் காலில் சுற்றிக்கொள்ளும். இரண்டாவது முட்டை விழுந்ததும் மிச்ச நாரை அகற்றிவிடுங்கள். அனுபவமில்லாத ஆண் குருவி கட்டுவதை நிறுத்தத் தெரியாமல் முட்டைகளின் மேலேயே புல்லைப் பரப்பி மூடிவிடும்; பெண் அதன் மேல் மறுபடியும் முட்டையிடும்!

நாளொன்றுக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு முட்டைகள் வரும். முதல் சில நாட்கள் குருவி சரிவர அடையில் அமராதிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். குஞ்சுகள் ஏறத்தாழ ஒன்றாக வெளிவருவதற்கான ஏற்பாடு அது. பின்னர் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்க, 12 முதல் 14 நாட்களில் பொரிக்கும்.

உணவை அதற்குச் சில நாள் முன்பே மாற்ற வேண்டும். காய்ந்த தினையை மட்டும் தின்று குஞ்சை வளர்க்க இயலாது. வேகவைத்த கோழிமுட்டையை மசித்தும், இரவு ஊறி முளைகட்டிய தினையை நன்கு அலசியும் வையுங்கள். நம் ஊர் வெயிலில் இவை விரைவில் கெட்டுவிடுமாதலால் இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு போதும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் அதுவே. கடற்கரையில் பொறுக்கியதானால் பல முறை நல்ல நீர் மாற்றி ஊறவைத்து, உப்புப் போகக் காயவையுங்கள்.

இனி, குஞ்சைத் தள்ளிவிடும் 'கொடுமை'க்கு வருவோம். குளிர்ந்துபோன குஞ்சு வாயைத் திறக்காது. வாய் திறவாத குஞ்சைப் பெற்றோர் இறந்ததாகவே கருதி வெளியேற்றும். அது குளிர்ந்ததற்குப் பெரும்பாலும் நாமே காரணம். மணிக்கொரு முறை பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதும், நள்ளிரவில் சட்டென்று விளக்கைப் போடுவதும் தாயை வெருட்டும். இருட்டில் வெளியே பாய்ந்த தாய்க்குக் கூட்டுக்குத் திரும்ப வழி தெரியாது. கூண்டருகே மங்கலான இரவு விளக்கொன்று எரியட்டும். கொசுவர்த்திச் சுருளை அந்த அறையிலேயே ஏற்றாதீர்கள். குருவியின் சிறு நுரையீரலுக்குப் புகை ஆகாது.

தோழர்கள் இரண்டு குஞ்சுகளை எடுத்து வந்தபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் துடித்ததைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிவிடும்படி பணித்த செய்தியை நம் பிள்ளைகள் அறிவார்கள். அதைக் கூண்டின் முன் நிறுத்தி நினைவூட்டுங்கள்.

ஆயினும் கை நீட்ட வேண்டிய வேளையும் உண்டு. குஞ்சு கீழே கிடந்தால் உள்ளங்கையில் பொத்தி வெதுவெதுப்பாக்குங்கள். அசைந்து வாய் திறந்ததும் கூட்டில் வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. நாளுக்கொரு முறை, பெற்றோர் இரை தின்னும் நேரம் பார்த்து, குஞ்சின் கழுத்தைக் கவனியுங்கள். மெல்லிய தோலினூடே இரைப்பை புடைத்துத் தெரிந்தால் ஊட்டப்படுகிறது என்று பொருள். அந்தியில் அது காலியாகத் தட்டிக் கிடந்தால்தான் கவலை. அப்போதும் நாமே ஊட்ட முனைவதை விட, ஒத்த வயதுக் குஞ்சுகளை வளர்க்கும் வேறொரு ஜோடியின் கூட்டில் சேர்ப்பதே மேல். பிறந்த ஓரிரு நாள் குஞ்சு நம் கையில் பிழைப்பது அரிது.

முதல் ஈட்டில் ஒன்றிரண்டு தப்பினாலே நல்ல தொடக்கம் எனலாம். ஒன்றும் தப்பாவிடில் கலயத்தை எடுத்துவிட்டு, இரண்டு மாதம் ஓய்வளித்து மீண்டும் முயலுங்கள். பல ஜோடிகள் இரண்டாம், மூன்றாம் முறையில் தாமே கற்றுக்கொள்கின்றன.

ஏறத்தாழ 20ஆம் நாளில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவரும். அதன்பின் இரண்டு வாரம் பெரும்பாலும் தந்தைதான் ஊட்டும். இதற்குள் பெண் அடுத்த ஈட்டுக்கு முனைந்தால் கலயத்தை அகற்றிவிடுங்கள். தாமே இரை கொத்தத் தொடங்கி, ஐந்தாறு வாரம் ஆனபின் குஞ்சுகளைப் பிரிக்கலாம். ஆண் குஞ்சுகள் தம் பாட்டைத் தந்தையிடமிருந்தே கற்கின்றன. அந்தப் பாடம் அப்போது பாதியில்தான் இருக்கும். எனவே புதுக் கூண்டைத் தந்தையின் கூண்டுக்கு அடுத்தே, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படித் தொங்கவிடுங்கள்.