சிறு பலகை, முழுப் பயன்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்தன. தாம்பரம் உள்ளிட்ட தென் புறநகர்ப் பகுதிகளில் பல வீடுகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில், மொட்டை மாடியில் 10 வாட் சூரியப் பலகை ஒன்று இருந்தால் இரவில் ஒரு விளக்காவது எரியும். ஆனால் அந்தப் பலகை உண்மையிலேயே 10 வாட் தருமா?

பலகையின் பின்புறத்தைப் பாருங்கள். 17.5 வோல்ட், 0.57 ஆம்பியர் என்பது போன்ற எண்கள் இருக்கும். பெருக்கினால் ஏறக்குறைய 10 வாட். இதை 12 வோல்ட் பாட்டரியுடன் நேரே இணைத்தால், பலகையின் மின்னழுத்தமும் 12 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். மின்னோட்டமோ சற்றே கூடி 0.6 ஆம்பியர் ஆகும். 12 × 0.6 = 7.2 வாட். மீதி பலகையிலேயே வெப்பமாகி வீணாகிறது.

கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியின் அளவு மின்னழுத்தம். இறைக்கும் வேகம் மின்னோட்டம். சின்ன வாளியால் எவ்வளவு விரைந்து இறைத்தாலும் நீர் குறைவே. தூக்க முடியாத பெரிய வாளியாலும் பயனில்லை. இடையில் ஏற்ற அளவு ஒன்று உண்டு. அந்த அளவைத் தேடிப் பிடிப்பதுதான் எம்.பி.பி.டி. என்னும் மின்னணுக் கருவி. அது பலகையை 17.5 வோல்ட்டிலேயே இயங்கவிட்டு, மின்னழுத்தத்தைக் குறைத்து, மின்னோட்டத்தைப் பெருக்கித் தருகிறது. தன் செலவு போக 9 வாட் வந்தாலும், பாட்டரிக்கு 0.75 ஆம்பியர் கிடைக்கும்.

கருவி இல்லாமலும் சில செய்யலாம். 25 டிகிரி செல்சியசுக்கு மேல் பலகை சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதத் திறன் குறையும். சித்திரை வெயிலில் 60 டிகிரி ஆனால் 14 சதவீதம் போயிற்று! எனவே அடியில் காற்றோட இடம் விடுங்கள். பலகையின் 36 மின்கலங்களும் ஒரே தொடராக இணைந்தவை. தென்னங்கீற்றின் நிழல் ஒரு மின்கலத்தை மறைத்தாலும் மொத்த மின்னோட்டமும் குறையும்.

தாம்பரம் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 36 டிகிரி தெற்கே நிற்கும். பலகையைக் கிடையாக வைத்தால் நேரடி ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு வீண். தெற்கு நோக்கி 36 டிகிரி சாய்த்து வையுங்கள். வானம் முழுதும் மேகம் மூடிய நாளிலோ ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வரும். அப்போது கிடையாக வைப்பதே மேல்.

செய்து பாருங்கள்: பாட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நேர்மின்னோட்ட அளவில் வைத்து, பலகையுடன் இணையுங்கள். பலகையைப் பல கோணங்களில் சாய்த்து மின்னோட்டத்தைக் குறித்து, வரைபடம் வரையுங்கள். உச்சம் எந்தக் கோணத்தில் வருகிறது? அடுத்த மாதமும் அதே கோணம்தானா?