வண்ணம் கூட்டிய வெள்ளைச் சாக்லேட் பால்

வீடு திரும்பும் குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை உணவைப் பற்றியவையே. முட்டை கொடுக்கலாமா, தயிர் சேர்க்கலாமா, வாழைப்பழம் கொடுத்தால் சளி பிடிக்குமா என்று நீளும் அந்த வரிசையில் அண்மைக்காலமாக மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. கைப்பேசிக் காணொளியில் இளஞ்சிவப்பும் நீலமுமாக நுரை ததும்பும் ஒரு பானத்தைக் குழந்தை பார்த்துவிடுகிறது. வெள்ளைச் சாக்லேட்டைச் சூடான பாலில் கரைத்து, நிறமூட்டி, மேலே வண்ண மிட்டாய் மணிகளைத் தூவிய பானம் அது. "மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, டாக்டர். அதைச் செய்து கொடுத்தால் குடிப்பேன் என்கிறான். கொடுக்கலாமா?"

பெரும்பாலான குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்பதே எங்கள் விடை. நிறம் எதிலிருந்து வருகிறது, குழந்தைக்கு இருக்கும் நோய் என்ன என்னும் இரண்டையும் பொறுத்தே அந்த விடை மாறும்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். மருந்தின் விளைவாக நாக்கின் சுவையுணர்வு மாறிப்போகிறது. பிடித்த குழம்பும் இரும்பை நக்கியதுபோல் இருக்கிறது என்று குழந்தைகள் சொல்வார்கள். வாயில் புண் இருந்தால் காரமும் புளிப்பும் எரியும். குமட்டல் ஒருபுறம். எடை குறையக் குறைய அடுத்த சுற்று மருந்தைத் தாங்கும் வலுவும் குறைகிறது. ஆகவே ஒரு வாய் உணவிலும் கூடுதலான ஆற்றல் இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம். 150 மில்லி நிறைகொழுப்புப் பாலில் 25 கிராம் வெள்ளைச் சாக்லேட்டைக் கரைத்தால் ஏறக்குறைய 260 கலோரி கிடைக்கும். அது நான்கு சிறிய இட்லிகளுக்கு நிகர். ஆறு கிராமுக்குக் குறையாத புரதமும், எலும்புக்கு வேண்டிய கால்சியமும் அதில் உண்டு. மெல்ல வேண்டியதில்லை, கசப்பில்லை, உறுத்தலில்லை.

வேறொரு காரணமும் உண்டு. அது ஊட்டச்சத்து அட்டவணையில் வராது. நோயுற்ற குழந்தையிடம் யாரும் எதையும் கேட்டுச் செய்வதில்லை. ஊசி எப்போது, எந்தக் கையில், எத்தனை நாள் படுக்கை என அனைத்தையும் நாங்களே முடிவு செய்கிறோம். இன்றைக்குப் பால் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதையாவது குழந்தை சொல்லட்டும். தானே நிறம் தேர்ந்து, தானே ஒரு கரண்டி கலக்கிய பாலைக் குழந்தை முழுவதுமாகக் குடித்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

சாக்லேட்டில் வெள்ளை என்பது எது?

கொக்கோ விதையில் கொழுப்பும் கொழுப்பற்ற பழுப்புப் பகுதியும் உள்ளன. வெள்ளைச் சாக்லேட்டில் கொழுப்பு மட்டுமே சேர்கிறது. அத்துடன் பால்பொடியும் சர்க்கரையும் வனிலா மணமும். பழுப்புப் பகுதி இல்லாததால் காஃபீனும் தியோபுரோமினும் இதில் இல்லை என்றே சொல்லலாம். ஸ்டீராய்டு மாத்திரையால் உறக்கம் கெட்டிருக்கும் குழந்தைக்கு மாலையில் கொடுக்கச் சாதாரணச் சாக்லேட்டைவிட இது ஏற்றது. அதே காரணத்தால், சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்று நாளிதழ்களில் வரும் செய்தி எதுவும் வெள்ளைச் சாக்லேட்டுக்குப் பொருந்தாது. இதில் இருப்பது கொழுப்பும் சர்க்கரையும் பாலும்தான்.

வாங்கும்போது உறையின் பின்புறத்தைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய் என்று இருந்தால் அது சாக்லேட். அதற்குப் பதிலாக ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது காம்பவுண்ட் எனப்படும் மலிவான கலவை. கேக் அலங்காரத்துக்காக விற்கப்படும் வெள்ளைக் கட்டிகள் பலவும் இவ்வகையே. பாலில் அது வழவழப்பாகக் கரையாமல் மெழுகுபோல் மிதக்கும். உறையிலேயே ஒட்டியிருக்கும் மொழுமொழுப்பைக் கண்டு அதைத் தரம் என்று எண்ண வேண்டாம்.

செய்முறை எளிது, அவசரம்தான் இதன் எதிரி. வெள்ளைச் சாக்லேட்டில் பால்பொடி மிகுதி என்பதால் நேரடிச் சூட்டில் விரைவில் தீய்ந்து கட்டிதட்டும். எனவே அதை அடுப்பில் ஏற்றவே வேண்டாம். 25 கிராமைக் கத்தியால் பொடியாகச் சீவி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். பாக்கெட் பாலானாலும் நன்றாகப் பொங்கக் காய்ச்சி இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். அந்தப் பாலில் கால் பங்கைச் சாக்லேட்டின் மீது ஊற்றி, ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கலக்குங்கள். கூழ்போல் ஆனதும் மீதிப் பாலைச் சேர்த்து மத்தால் கடையுங்கள். நுரை தானாக எழும். சர்க்கரை சேர்க்க வேண்டாம். சாக்லேட்டில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். விரும்பினால் ஒரு சிட்டிகை ஏலக்காய்ப்பொடி.

நிறம்

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். சோதித்த மாதிரிகளில் ரோடமின்-பி இருந்ததே காரணம். அது துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் சாயம், உணவுக்கு உரியதன்று. பொட்டலத்தில் பெயரோ உரிம எண்ணோ இல்லாமல் உதிரியாக விற்கப்படும் கேசரிப் பொடியும் ரோஸ் பொடியும் எதனால் ஆனவை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எங்களாலும் இயலாது. அவற்றை வாங்காதீர்கள்.

உரிமம் பெற்ற செயற்கை நிறமிகளின் நிலை வேறு. அளவோடு பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. ஆயினும் உறையில் 102, 110, 122, 124 ஆகிய எண்களைக் கண்டால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அவை உள்ளிட்ட ஆறு நிறமிகளைச் சேர்த்த உணவுகளின் உறையில், குழந்தைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் அவை பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் விதித்திருக்கிறது. வண்ண மிட்டாய் மணிகளில் பெரும்பாலும் இவையே உள்ளன. ஒருநாள் நான்கு மணிகளால் தீங்கு நேர்ந்துவிடாது; நோயிலிருந்து தேறும் குழந்தைக்கு நாள்தோறும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடுக்களையில் இருப்பவையே போதும். முதலிடம் பீட்ரூட்டுக்கு. இரண்டு விரல் அகலத் துண்டைத் துருவி, கால் கோப்பை நீரில் மூடிவைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அந்தச் சாற்றில் இரண்டு தேக்கரண்டி, ஒரு தம்ளர் பாலை அழகிய இளஞ்சிவப்பாக்கிவிடும். நெடுநேரம் கொதித்தால் நிறம் பழுப்பாகும். ஆதலால் கடைசியில் சேர்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் மண்வாசனை தலைதூக்கும். காணொளிகளில் பச்சைச் சாற்றை அப்படியே பிழிந்து ஊற்றுகிறார்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்கு அது கூடாது. வேகாத எதுவும் அக்காலத்தில் வேண்டாம்.

பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிலருக்குச் சிறுநீரும் மலமும் சிவந்து போகும். சிறுநீரகக் கோளாறுக்காக எங்களிடம் மருத்துவம் பெற்றுவந்த ஒரு சிறுவனின் தாய், சிறுநீரில் இரத்தம் வருகிறது என்று அஞ்சி நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடிவந்தார். சோதனையில் இரத்தம் இல்லை. முன்மாலை பீட்ரூட் கலந்த பால் குடித்திருந்தான். அவர் வந்தது முற்றிலும் சரி. சிவந்த சிறுநீரை வீட்டிலேயே பீட்ரூட் என்று முடிவுகட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. சிறுநீரில் இரத்தம் இருக்கிறதா என்று நாங்கள் கண்காணித்துவரும் குழந்தைக்கு இந்த நிறத்தையே தவிர்த்துவிடுவது யாவருக்கும் நிம்மதி. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும் பீட்ரூட் உகந்ததன்று. அதில் ஆக்சலேட் மிகுதி.

மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூளே போதும், கத்தி முனையளவு. அதன் நிறமி கொழுப்பில் கரைவது. சாக்லேட்டின் கொழுப்பு அதை ஒரே சீராகப் பரப்பிவிடும். ஆனால் கண்ணைப் பறிக்கும் மஞ்சள்தூளில் ஈயம் கலந்த லெட் குரோமேட் கலப்படம் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உரிம எண் அச்சிட்ட பொட்டலத்தையே வாங்குங்கள். வெந்த கேரட்டை மசித்து வடிகட்டினால் இளம் ஆரஞ்சு நிறம். எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் தொல்லையற்ற நிறம் இதுவே. பசுமைக்குப் பசலைக்கீரை இலை நான்கைந்தைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து அரைத்து வடிகட்டலாம். செயற்கை வால்வு பொருத்தப்பட்டு இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்ளும் குழந்தைகளுக்குக் கீரையை ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைப்பது மருந்தின் செயலை மாற்றும். அவர்கள் பச்சை நிறத்தை விட்டுவிடலாம். நீலத்துக்குச் சங்குப்பூ என்கிறார்கள். காணொளியில் தெரியும் நீலம் பாலில் வராது. சாம்பல் பூத்த வெளிர்நீலமே வரும். வேலியோரத்துப் பூவில் புழுதியும் பூச்சிமருந்தும் இருக்கும் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. எலுமிச்சை, நாவல், திராட்சை முதலிய புளிப்புள்ள சாறுகள் பாலைத் திரித்துவிடும்.

பல நிறம் வேண்டும் என்று அடம் பிடித்தால், பாலை வெள்ளையாகவே விட்டு, மேலே எழும் நுரையில் மட்டும் அங்கங்கே ஒவ்வொரு துளி நிறம் இட்டு, பல்குத்தும் குச்சியால் இழுத்துக் கோலம் போடச் சொல்லுங்கள். நிறமும் குறைவாகச் செலவாகும். குழந்தையும் பத்து நிமிடம் அமர்ந்திருக்கும். மார்ஷ்மெல்லோவை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அதில் விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டின் உண்டு என்பதைச் சைவ உணவினர் கவனிக்க வேண்டும்.

யாருக்குக் கூடாது?

டயாலிசிஸ் செய்துகொள்ளும் குழந்தைகளுக்கு இப்பானம் வேண்டாம். பாலிலுள்ள பாஸ்பரசும் பீட்ரூட்டிலுள்ள பொட்டாசியமும் அவர்களுக்குச் சுமை. மிக விரும்பினால் எங்கள் உணவியல் வல்லுநரைக் கேட்டபின்னரே. நெப்ராட்டிக் நோயில் நீர்க்கட்டுப்பாடு இருந்தால், இந்த 150 மில்லியும் அன்றைய அளவில் அடக்கம். இன்சுலின் போடும் குழந்தைகளுக்கு இதில் ஏறக்குறைய 22 கிராம் மாவுச்சத்து என்று கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு நின்ற முதல் சில நாட்களில் பால் சர்க்கரை செரிக்காமல் போகக்கூடும், பொறுத்திருங்கள். பால் ஒவ்வாமை உள்ளோருக்கு வெள்ளைச் சாக்லேட்டும் பாலே. இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குச் சர்க்கரை சேர்ந்த பானம் எதுவும் தேவையில்லை. இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் அதற்கும் பாலுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

நோயில்லாத அண்ணனும் தங்கையும் கேட்பார்களே என்றால், அவர்களுக்கு வாரம் ஒருமுறை, பாதித் தம்ளர். வீட்டில் ஒருவருக்கு மட்டும் இனிப்பு என்பது நோயாளிக் குழந்தைக்கும் உவப்பாக இராது.

சூட்டைப் பற்றி ஒரு சொல். பெயர் சூடான சாக்லேட் என்றாலும் குழந்தைக்கு இளஞ்சூடே போதும். 60 டிகிரிப் பால் மேலே கொட்டினால் சில நொடிகளில் ஆழமான தீப்புண் உண்டாகும். குழந்தையின் தோல் மெல்லியது. மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக மட்டும் தோன்ற வேண்டும். வாய்ப்புண் இருந்தால் ஆறவைத்தே கொடுங்கள். உறிஞ்சுகுழாய் வைத்தால் புண்ணில் படாமல் குடிக்க எளிது. குடித்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

செய்த ஒரு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். மிஞ்சியதை மாலைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள். குழந்தை பாதியில் கீழே வைத்துவிட்டால் தாயோ தந்தையோ குடித்துவிடலாம். வார்டில் பல நாட்களாகக் காப்பியிலேயே பொழுதை ஓட்டியவர்கள் நீங்கள். உங்களுக்கும் ஒரு தம்ளர் பால் தேவைதான்.